மூன்று மணிப் பக்கத்து வீடு

வெங்கடகிருஷ்ணன் சாரைப் பற்றி எங்கள் ஆபீசில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நேரம் தவறாத மனிதர், கை சுத்தம், வாய் சுத்தம், அடுத்தவன் வாங்கிக் கொடுத்தால் ஒரு டீகூடக் குடிக்காதவர். எல்லாம் உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. கும்பகோணம் பக்கம் பிறந்து, பாலிடெக்னிக் முடித்து, இருபத்திரண்டு வயதில் ஹைதராபாத்துக்கு ரயிலேறியவர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்திருந்தார். இயந்திர உதிரி ஒன்றைக் கையில் எடுப்பார், அளப்பார், மயிரிழை தப்பியிருந்தாலும் தள்ளுபடிப் பெட்டியில் போடுவார். ஓய்வு பெற்ற இரண்டாம் மாதமே எங்கள் கம்பெனியில் வந்து சேர்ந்துவிட்டார். "இன்னும் நாலு நாள் நீங்க ஆத்துல இருந்தேள்னா நான் எங்கேயாவது போயிடுவேன்னு சொல்லிட்டா என் ஆம்படையா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். திரிபுரசுந்தரி மாமி சொல்லக்கூடியவர்தான்.

எங்கள் கம்பெனி நாச்சாரத்தில், மூடிக் கிடந்த ஒரு பிஸ்கட் பாக்டரியின் மாடியில் இருந்தது. சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விடுவது எங்கள் தொழில். நான் தியாகு, கேமரா ஆபரேட்டர். போவன்பள்ளியில் பிறந்து வளர்ந்தவன், எங்கள் தாத்தாவின் அப்பா காலத்திலிருந்தே செகந்திராபாத்வாசிகள். நாலு சக்கரத்தில் ஒரு சின்ன வண்டி, அதன் நெற்றியில் விளக்கும் கேமராவும், பின்னால் நீளமாக ஒரு கேபிள். அதை மேன்ஹோல் வழியாக இறக்கிவிட்டு நான் வேனுக்குள் உட்கார்ந்து திரையைப் பார்ப்பேன். எத்தனையாவது மீட்டரில் என்ன கோளாறு, குழாயின் எந்தப் பக்கத்தில் என்று தட்டச்சு செய்வேன். பக்கத்தைக் கடிகாரக் கணக்கில் சொல்வோம். உச்சி பன்னிரண்டு மணி, வலது மூன்று, அடி ஆறு, இடது ஒன்பது.

அந்த வீடியோவும் ரிப்போர்ட்டும் சாரின் மேசைக்குப் போகும். அவர் ஒவ்வொரு மீட்டரையும் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் குடிநீர் வடிகால் துறைக்குப் போகும். அதை வைத்துத்தான் தெருவில் கடப்பாரை விழும். என்னுடைய ரிப்போர்ட்டுகளில் ஐம்பதையாவது அவர் திருப்பி அனுப்பியிருப்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். "ஏண்டா தியாகு, பன்னெண்டுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குடா கையில வாட்ச் கட்டிண்டிருக்கே?" ஆபீசே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

போன மே மாதம் குகட்பள்ளிக்கு வேன் போனது. ஹவுசிங் போர்டு வீடுகள் இருக்கிற ஒரு தெருவில் இரண்டு மாதமாக மேன்ஹோல் பொங்கிக்கொண்டிருந்தது. அது சாருடைய சொந்தத் தெரு. கீழே இரண்டு அறை, மேலே மகனுக்காகக் கட்டிய மாடி என்று அவர் வீடு தெருவின் நட்ட நடுவில் இருந்தது. நேர் எதிர்வீட்டின் கீழ்த்தளத்தில் ரோஸ்லின் அக்கா வாடகைக்கு இருந்தார். தூத்துக்குடிக்காரர். கணவர் ஃபெலிக்ஸுக்கு நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அக்கா வீட்டிலேயே டே கேர் நடத்தினார். ஐ.டி. வேலைக்கு ஓடுகிற தாய்மார்களின் பிள்ளைகள் பதினோரு பேர். சாரின் மருமகள் ரஷ்மியும் தன் மூன்று வயது மகன் அனிருத்தை அங்கேதான் விடுவாள். தினம் காலையில் பேரனைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து அக்காவின் கையில் கொடுப்பது சாரின் வேலை.

அன்று வெயிலில் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தது ரோஸ்லின் அக்காதான். கூடவே அவர் மகள் ஆக்னஸ் வந்தாள். ஒன்பது வயது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற ரகம். வேனுக்குள் தலையை நீட்டித் திரையைப் பார்த்துவிட்டு, உவ்வே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மேல் மேன்ஹோலுக்கும் கீழ் மேன்ஹோலுக்கும் இடையே முப்பது மீட்டர். மேலிருந்து, தண்ணீர் போகிற போக்கிலேயே கேமராவை விட்டேன். பன்னிரண்டாவது மீட்டரில் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. எங்கள் தொழிலில் இது சகஜம். வண்டியை வெளியே இழுத்து, கீழ் மேன்ஹோலில் இறக்கி, எதிர்ப்பக்கமாக வரவேண்டும். அப்படி வரும்போது திரையின் தலைப்பில் ஒன்றே ஒன்றை மாற்றவேண்டும். தண்ணீரோடு போகிறோமா, தண்ணீரை எதிர்த்துப் போகிறோமா என்கிற அந்த ஒரு கட்டம். மாற்றாவிட்டால் தெருவின் வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். நாற்பத்திரண்டு டிகிரி வெயில், ஜெனரேட்டர் புகை, சீக்கிரம் சீக்கிரம் என்று சூப்பர்வைசர் கத்தல். கழுதை, நான் மாற்றவில்லை.

பதினைந்தாவது மீட்டரில் அடைப்புக்குக் காரணம் கிடைத்தது. ஒரு வீட்டுக் குழாய் பெரிய குழாயின் விலாவை உடைத்துக்கொண்டு ஒரு முழம் உள்ளே நீட்டியிருந்தது. அனுமதி இல்லாமல் யாரோ கொத்தனாரை வைத்து இடித்துச் சொருகியது. அதில் துணியும் பிளாஸ்டிக்கும் கொழுப்பும் கட்டியாகத் தொங்கின. வலது பக்கம், மூன்று மணி என்று அடித்தேன். தலைப்பின்படி மூன்று மணிப் பக்கம் ரோஸ்லின் அக்காவின் வீடு. உண்மையில் அது எதிர்ப்பக்கம்.

எனக்கு அது உறைக்கவே இல்லை. மறுநாள் சார் அந்த ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். முதல் தடவையிலேயே தேறிய என் முதல் ரிப்போர்ட் அது. நான் மடையன், சந்தோஷத்தில் எல்லோருக்கும் மிர்ச்சி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவின் வாசலில் தோண்டினார்கள். ஒரு குழாய் கிடைத்தது. எந்த வீட்டு வாசலில் தோண்டினாலும் ஒரு குழாய் கிடைக்கத்தான் செய்யும். முப்பது வருடமாக ஒழுங்காக இருந்த அந்த இணைப்பை வெட்டி, சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, திருட்டு இணைப்பு என்று கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பெரிய குழாயை ஜெட்டிங் மெஷின் வைத்துக் கழுவியதில் தொங்கிக்கொண்டிருந்த குப்பையெல்லாம் போய்விட்டது. மேன்ஹோல் பொங்குவது நின்றது. தெருவுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? குற்றவாளி அகப்பட்டாயிற்று, தண்டனை கொடுத்தாயிற்று, நாற்றம் போயாயிற்று.

அக்காவின் வீட்டுக் குளியலறையில் புதன்கிழமை காலையிலேயே கழிவு மேலேறி வந்தது. பிள்ளைகள் தூங்குகிற பாய் வரைக்கும் வந்தது. முதலில் பிள்ளையை நிறுத்தியது ரஷ்மி. வியாழக்கிழமைக்குள் பதினோரு பேரில் இரண்டு பேர் மிச்சம். காலனியின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு எழுதினார்கள். பதினோரு பிள்ளைகளின் டயப்பரும் எங்கே போயிருக்கும் என்று ஒருவர். வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெருவைப் பற்றி என்ன அக்கறை என்று இன்னொருவர். சாரும் எழுதினார். அவர்கள் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள், யாரும் கடுமையாகப் பேசவேண்டாம் என்று. அதற்கு இருபது பேர் கும்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை, கழுவிய குழாயை மறுபடி படமெடுக்க நான் போனேன். அது விதி. இந்த முறை கேமரா மேலிருந்து தண்ணீரோடு தடையில்லாமல் போனது. பதினைந்தாவது மீட்டரில் அதே குழாய், அதே ஒரு முழம், சுத்தமாகக் கழுவப்பட்டு உள்ளே நீட்டிக்கொண்டு நின்றது. இடது பக்கம். ஒன்பது மணி. வெட்டியதாகச் சொன்ன குழாய் எப்படி இருக்கிறது என்று பேந்தப் பேந்த விழித்துவிட்டு, வேனை விட்டு இறங்கி ஒன்பது மணிப் பக்கத்தைப் பார்த்தேன். சாரின் வீட்டு கேட் தெரிந்தது.

சனிக்கிழமை அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "சார், அந்த குகட்பள்ளி வீடியோல நான் டைரக்‌ஷன் மாத்தாம உட்டுட்டேன் சார். அந்தக்கா வீடு இல்ல சார் அது."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"குப்பையெல்லாம் கேமராவைப் பார்த்து மிதந்து வரது. தண்ணி எதிர்க்க வரதுன்னா கேமரா மேல்பக்கம் போறதுன்னு அர்த்தம். முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுது."

"அப்புறம் கைக்கு சார் சைன் போட்டீங்க?" ஏன் என்பதற்கு எங்கள் ஊர் உருதுதான் என் வாயில் வந்தது.

அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றினார். நாலு வருடம் முன்பு மாடி கட்டியபோது சாக்கடை இணைப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தால் ஆறு மாதம் ஆகும் என்றார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி மூன்று மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தானாம். இதையெல்லாம் பஸ் லேட்டாக வந்ததைச் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"அவங்க வீட்டுல பச்சக் குழந்தைங்க இருக்கு சார். உங்க பேரனும் அங்கதான சார் இருந்தான்."

"தியாகு, தலைப்பு போட்டது யார்? உன் லாகின். உனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு. நான் பார்க்கத் தவறிட்டேன், வயசாயிடுத்துன்னு சொல்லிட்டு ஆத்துக்குப் போயிடுவேன். நீ எங்கே போவே?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நேத்து எடுத்த வீடியோவுல பதினாலு மீட்டர் வரைக்கும் வெச்சுண்டு மிச்சத்தை வெட்டு. அடைப்பு இல்லைன்னு எழுது. அது பொய் இல்லையே, அடைப்பு இல்லைதானே?"

எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இப்படிச் சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் ஏதாவது இருக்கும். வெட்டினேன்.

அன்று மாலை அவரே போன் செய்தார். நாளை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா என்றார். ரோஸ்லின் அக்கா அவரிடம் வந்து கெஞ்சியிருக்கிறார். எங்கள் குழாயில் தப்பே இல்லை, வீட்டுக்காரர் விஸ்வநாத் நம்ப மாட்டேன் என்கிறார், நீங்கள் அந்த கேமரா கம்பெனியில்தானே இருக்கிறீர்கள், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று. இவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆபீஸ் ரகசியம் என்று தட்டிக் கழித்திருக்கலாம். அந்த மனிதர் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார்.

ஹாலில் அக்கா, ஃபெலிக்ஸ், நடுவில் ஆக்னஸ். மாமி எல்லோருக்கும் காபி கொடுத்தார். சார் என்னைத்தான் அந்த முதல் வீடியோவை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். சார் பேனா முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். குரலில் அத்தனை பொறுமை. எனக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி அவர் கண்ணில் குத்தலாம் போலிருந்தது.

"இதோ பாருங்கோ, இதுதான் பெரிய குழாய். கேமரா மேலேர்ந்து கீழே போறது. பதினஞ்சு மீட்டர், நம்ம ரெண்டு பேர் ஆத்துக்கும் நேரா. வலது பக்கம், மூணு மணி. மேலேர்ந்து வந்தா வலது பக்கம் யார் ஆம்?"

"எங்க வீடு" என்றார் ரோஸ்லின் அக்கா.

"நான் சொல்லலை, நீங்களே சொல்றேள்."

திரையில் ஒரு துணி, ஒரு டயப்பர், ஒரு பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் மெதுவாக மிதந்து கேமராவை நோக்கி வந்துகொண்டிருந்தன. கேமரா கீழே போகிறதென்றால் அவை விலகிப் போகவேண்டும். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் அந்த அறையில்தான் இருந்தோம். நான் வாயைத் திறந்தேன். சார் திரும்பி, "தியாகு, அந்த இடத்துல நிறுத்து, அவா நன்னாப் பார்க்கட்டும்" என்றார். நிறுத்தினேன்.

ரோஸ்லின் அக்கா அந்த டயப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து சாரைக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க சார். நான் உங்க கம்பெனிய அவ்வளவு ஏசிட்டேன். தப்பு எங்க மேலதான் இருக்கு. ஒத்துக்கிடுதேன் சார்."

"பரவாயில்லம்மா. மனுஷா தவறு பண்றது சகஜம்" என்றார் சார்.

மாதக் கடைசியில் விஸ்வநாத் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்குள் அக்கா தெருவில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். சார்தான் தெரிந்தவரிடம் சொல்லி டெம்போ பிடித்துக் கொடுத்தார். வெயிலில் நின்று சாமான் ஏற்றுவதற்கு ஆட்களை விரட்டினார். தொட்டில்கள், குட்டி நாற்காலிகள் எல்லாம் ஏறின. அனிருத் மாடியிலிருந்து "ரோசி ஆன்ட்டி" என்று வீறிட்டு அழுதான். சார் மேலே நிமிர்ந்து, பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போகும்படி ரஷ்மிக்குக் கை காட்டினார்.

அவர் அதற்குப் பிறகும் நேரம் தவறாமல்தான் வந்தார். என் ரிப்போர்ட்டுகளை மறுபடி திருப்பி அனுப்ப ஆரம்பித்தார், அதே பன்னிரண்டு, அதே ஒன்று, அதே கேலி. ஆகஸ்டில் கம்பெனி அவருக்கு ஒரு சால்வை போர்த்தியது. பிழையில்லாத வருடத்துக்காகவாம். நான் கை தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள், நான் மட்டும் தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடாதா?

செப்டம்பரில் எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்புறம்தான் இந்தத் துரைக்கு வீரம் வந்தது. நாச்சாரத்தில் ஃபெலிக்ஸின் பாக்டரிக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அந்த வீடியோவை செல்போனில் ஏற்றிக்கொண்டு போனேன். டே கேர் இல்லை. அக்கா ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கிறாராம்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு, அவர் கையெழுத்து, அவர் வீட்டு மேஸ்திரி, ஒன்றையும் விடவில்லை. ரோஸ்லின் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேலைய விட்டுட்டீங்களா தம்பி?"

"ஹவ் அக்கா, ஆமா. போன வாரம்."

"அந்தக் கோவத்துல பேசுதீங்க. அந்த சார் எங்களுக்காக ஓனர்ட்ட எத்தன மட்டம் பேசுனாரு தெரியுமா? தெருவுல எங்களப் பத்தி ஒரு நல்ல வார்த்த எழுதுனது அவரு ஒருத்தருதான். அவரப் போயி இப்படிச் சொல்லுதீங்களே, நாக்கு அழுகிப் போவும் தம்பி."

"அக்கா, நான் சொல்றத நம்ப வேணாம். இத ஒரு நிமிஷம் பாருங்க. தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க."

போனை நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் அத ஒரு தடவ பாத்தாச்சு. போதும். அதுல தொங்குனதெல்லாம் யாரு போட்டதுன்னும் தெரிஞ்சிட்டு. அன்னைக்கு உங்க வீடியோவப் பாத்துட்டு வந்து இவள அடிச்சேன். ரெண்டு நாளு ஒத்துக்கிடல. சோறு போடல. மூணாம் நாளு ஒத்துக்கிட்டா." உள்ளே திரும்பி, "ஏளா ஆக்னஸ், இங்க வா. இந்த மாமாட்ட சொல்லு" என்றார்.

ஆக்னஸ் வந்து கதவோரம் நின்றாள். மெலிந்திருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, பாடம் ஒப்பிக்கிற குரலில், "நேனே வேசானு அங்கிள்" என்றாள். நான்தான் போட்டேன் என்று.

"பாத்தீங்களா?" என்றார் அக்கா.

நான் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "பொய் சொல்லாதம்மா. நீ போடல. எனக்குத் தெரியும். எத்தன தடவ போட்ட, சொல்லு பாக்கலாம்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டு, எத்தனை தடவை என்று சொல்லவேண்டும் அம்மா என்று தெலுங்கில் கேட்டாள்.